கடலே வெளி யூனிட்

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, வெப்பத்தை இடம் மாற்றுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே மாற்றுகிறது என்பதைப் பற்றி வீட்டில் யாரும் கவலைப்படுவதில்லை. வெளிச்சுவரில் ஒரு பெட்டி தொங்குகிறது, அது தெருவில் அனலைக் கொட்டுகிறது, நாம் கதவைச் சாத்திக்கொள்கிறோம். பத்து மீட்டர் நீளப் பாய்மரப் படகில் அந்தப் பெட்டியை எங்கே மாட்டுவது? மேல்தளத்தில் வைத்தால் பாய்க்கயிறு அதில் சிக்கும், நடக்கிறவர் கால் இடறும். உப்புக்காற்று அதன் மெல்லிய அலுமினியத் தகடுகளைச் சில ஆண்டுகளிலேயே பொடிப்பொடியாக உதிர்த்துவிடும். ஆலப்புழைப் படகுவீடுகள் இந்தச் சிக்கலிலிருந்து தப்பித்துக்கொண்டன. அகலமான படகு, அமைதியான காயல், ஒதுக்குப்புறமாக ஒரு டீசல் ஜெனரேட்டர் என்று எல்லாம் இருப்பதால் வீட்டு ஸ்பிளிட் ஏசியையே மாட்டி ஓட்டுகிறார்கள். அலையில் சாய்ந்து ஓடும் படகுக்கு அந்த வசதி இல்லை.

படகு ஏசியில் வெளிப்பெட்டி கிடையாது. அதற்குப் பதிலாகக் கடல் இருக்கிறது.

இதன் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வீட்டு ஏசி மேல் கொஞ்சம் பரிதாபமே வரும். ஒரு டன் ஏசி அறையிலிருந்து 3.5 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது. அதை எடுக்கச் செலவிடும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகவே முடிகிறது என்பதால், வெளியே தள்ள வேண்டியது ஏறக்குறைய 4.5 கிலோவாட். காற்றை 10 டிகிரி சூடேறவிட்டு இதைத் தள்ள வேண்டுமானால் நிமிடத்துக்கு 22,000 லிட்டருக்கும் மேல் காற்று வீச வேண்டும். வெளிப்பெட்டியின் பெரிய விசிறியும் அதன் இரைச்சலும் அதற்குத்தான். தண்ணீருக்கோ நிமிடத்துக்கு 12 லிட்டர் போதும். அந்த 12 லிட்டரும் 5 அல்லது 6 டிகிரி சூடாகி வெளியே போகும், அவ்வளவுதான். ஒரே அளவு காற்றையும் நீரையும் ஒரு டிகிரி சூடாக்கினால் நீர் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைப் பிடித்துக்கொள்கிறது. படகைச் சுற்றிலும் கிடப்பது இந்தச் சரக்குதான், அதுவும் இலவசமாக.

இந்த ஏற்பாட்டின் நல்லது கெட்டது இரண்டையும் முழுசாகப் பார்க்க அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள செசபீக் விரிகுடா நல்ல இடம். ஏறக்குறைய 320 கிலோமீட்டர் நீளம், ஆனால் சராசரி ஆழம் ஆறரை மீட்டர்தான். ஆற்று நீரும் கடல் நீரும் கலந்த உவர்நீர். ஆழம் இல்லாததால் வெயிலில் சீக்கிரம் சூடாகும், பனிக்காலத்தில் சீக்கிரம் ஆறும். மேரிலாந்தின் தலைநகரான அனாபொலிஸின் படகுத்துறைகளில் நூற்றுக்கணக்கான படகுகள் கட்டிக் கிடக்கின்றன. ஜூலையில் அங்கே வெயில் 31, 32 டிகிரி. புழுக்கமோ சென்னைக்காரரையே முகம் சுளிக்க வைக்கும். பிப்ரவரியில் விளிம்பில் பனிக்கட்டி படரும் நாட்களும் உண்டு. ஆகவே அங்கே ஏசி என்றால் கோடையில் குளிர்ச்சியும் குளிர்காலத்தில் சூடும் தர வேண்டும், ஒரே பெட்டி இரண்டையும் செய்ய வேண்டும்.

அந்தப் பெட்டி பெரிதல்ல. கட்டிலுக்கு அடியிலோ இருக்கைக்கு அடியிலோ அடங்கிவிடும். கம்ப்ரசர், காற்றைக் குளிர்விக்கும் சுருள், விசிறி, கடல்நீர் ஓடும் கன்டன்சர் எல்லாம் ஒரே தட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். ஆலையிலேயே கேஸ் நிரப்பி, குழாய்களைப் பற்றவைத்து மூடி அனுப்பிவிடுகிறார்கள். பல ஆண்டுகளாகப் பெரும்பாலான பெட்டிகளில் ஆர்-410ஏ என்ற கேஸ் இருந்துவந்திருக்கிறது. 10 வளிமண்டல அழுத்தத்தில் அது 7 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். கொதிக்கத் தேவையான வெப்பத்தை அறைக்காற்றிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். கம்ப்ரசர் அந்த ஆவியை 24 வளிமண்டல அழுத்தத்துக்கு நெருக்கினால் 40 டிகிரியில் மீண்டும் திரவமாகி, பிடுங்கிய வெப்பத்தைக் கடல்நீரிடம் ஒப்படைக்கும். கன்டன்சர் என்பது குழாய்க்குள் குழாய். உள்ளே கடல்நீர், வெளிச்சுற்றில் கேஸ். உள்குழாய் வெறும் செம்பு அல்ல, செம்போடு நிக்கல் சேர்ந்த கலவை. உப்புநீர் அரிப்பைச் செம்பைவிட அது நன்றாகத் தாங்கும்.

எத்தனை டன் வாங்குவது? டன் என்ற அளவே பனிக்கட்டி வியாபாரக் காலத்து மிச்சம். ஓர் அமெரிக்க டன், அதாவது 907 கிலோ பனிக்கட்டி, 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தின் வேகம் அது. மணிக்கு 12,000 பி.டி.யு. படகுக்காரர்களிடம் இதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. மேல்தளத்துக்குக் கீழே நீர்மட்டத்தை ஒட்டிய அறைக்குச் சதுர அடிக்கு 60 பி.டி.யு., நடுத்தளக் கூடத்துக்கு 90, கண்ணாடி சூழ்ந்த மேலறைக்கு 120. கீழே போகப்போக எண் குறைவதற்குக் காரணம் எளிது. கீழறையின் சுவருக்கு அப்பால் இருப்பது 27 டிகிரி தண்ணீர், மேலறையின் கண்ணாடிக்கு அப்பால் இருப்பது சூரியன். 120 சதுர அடி நடுக்கூடம் என்றால் 10,800 வருகிறது, ஒரு டன் பெட்டி போதும். எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்றரை டன் வாங்குகிறவர்கள் உண்டு. அது ஏன் வம்பு என்பதைப் பிறகு பார்ப்போம்.

பெட்டி வந்து இறங்கியபோதே குளிர்பதன இயற்பியல் எல்லாம் முடிந்துவிட்டது. அதில் பொருத்துகிறவர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. அவர் உண்மையில் அமைக்கப்போவது கடலிலிருந்து புறப்பட்டுக் கடலிலேயே போய் விழும் ஒரு சின்ன வாய்க்கால். படகு ஏசி பழுதென்று அழைப்பு வந்தால் அனுபவமுள்ள மெக்கானிக் கம்ப்ரசரைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. முதலில் தண்ணீர் வெளியே விழுகிறதா என்றுதான் எட்டிப் பார்ப்பார்.

வாய்க்காலின் தலைமடை, படகின் அடியில் போடும் ஓட்டை. மிதக்கும் பொருளில், நீர்மட்டத்துக்குக் கீழே, தெரிந்தே போடும் ஓட்டை! படகைக் கரையேற்றித்தான் இதைச் செய்ய முடியும். முக்கால் அங்குலக் குழாய், நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே என்று வைத்துக்கொள்வோம். அதில் மாட்டிய ஹோஸ் கழன்றுவிட்டால் நிமிடத்துக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 2 டன். அதனால்தான் ஓட்டையை ஒட்டியே வெண்கல வால்வு ஒன்றும், ஹோஸின் ஒவ்வொரு முனையிலும் ஒன்றுக்கு இரண்டாகத் துருப்பிடிக்காத கிளிப்புகளும். பல ஃபைபர் படகுகளின் உடல் ஒரே தகடல்ல. இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் வைத்து ஒட்டியிருப்பார்கள். அந்த மரம் தண்ணீரைக் குடித்துவிட்டால் உள்ளுக்குள்ளேயே மக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. கவனமான ஆள் ஓட்டையைச் சுற்றி மரத்தை விரலளவுக்குச் சுரண்டி எடுத்து, அந்த இடத்தை எபாக்சியால் நிரப்பி, அது இறுகிய பிறகுதான் வால்வைப் பூட்டுவார்.

ஓட்டைக்கு வெளிப்புறம் முன்பார்த்த வாயுள்ள ஒரு மூடி வரும். படகு ஓடும்போது நீர் அதற்குள் தானாகவே தள்ளப்படும். திருப்பிப் பொருத்திவிட்டால் வேகத்தில் ஓடும் நீர் குழாயிலிருந்து தண்ணீரை வெளியே உறிஞ்சும், ஏசி நின்றுபோகும். பாய்மரப் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுவது என்பதால், ஓரத்தில் போட்ட ஓட்டை காற்றைக் குடிக்க வாய்ப்புண்டு. படகின் அடியில் நடுவே ஓடும் ஏரா மரத்தை ஒட்டிப் போடுவதே உத்தமம்.

அடுத்தது பம்பு. பொருத்துவதில் வரும் தகராறுகளில் பெரும்பங்கு இங்கேதான். படகு ஏசிக்கு வைப்பது மையவிலக்குப் பம்பு. நம் கிணற்று மோட்டார் இனம்தான். ஏர் பிடித்துக்கொண்டால் மோட்டார் உறுமும், தண்ணீர் வராது, குழாயில் குடத்துத் தண்ணீரை ஊற்றி மீண்டும் போடுவோமே, அதே நோய் இதற்கும் உண்டு. நோயின் காரணம் அழகானது. இந்த வகைப் பம்பு தரும் அழுத்தம், அதற்குள் சுழலும் பொருளின் அடர்த்தியைப் பொறுத்தது. ஐந்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளும் பம்பு, அதற்குள் காற்று இருந்தால் ஐந்து மீட்டர் உயரக் காற்றைத்தான் தள்ளும். ஐந்து மீட்டர் காற்றின் எடை ஆறு மில்லிமீட்டர் தண்ணீரின் எடைக்குச் சமம்! ஒரு கைப்பிடிக் காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் அந்தப் பம்பின் பலம் விரல் நுனியளவாகச் சுருங்கிவிடுகிறது.

ஆகவே பம்பு எப்போதும் நீர்மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும், தண்ணீர் தானாகவே வந்து அதை நிரப்ப வேண்டும். வால்விலிருந்து வடிகட்டி, வடிகட்டியிலிருந்து பம்பு, பம்பிலிருந்து கன்டன்சர் என்று ஹோஸ் ஏறுமுகமாகவே போக வேண்டும். நடுவில் எங்கும் மேடாகி இறங்கக் கூடாது. மேடு எங்கே இருக்கிறதோ அங்கே குமிழி போய்க் குந்திக்கொள்ளும். படகுக்குள் நேர்கோடு என்று ஒன்று இல்லை. தடுப்புப் பலகைகள், தண்ணீர்த் தொட்டி, கழிவறைக் குழாய் என்று எல்லாவற்றையும் சுற்றி வளைத்துத்தான் ஹோஸ் போகும். பலகைக்கு மேலே தூக்கிப் போட்டால் ஐந்து நிமிட வேலை, பலகையில் ஓட்டை போட்டுக் கீழே நுழைத்தால் அரை நாள். சோம்பலில் தூக்கிப் போட்டவரின் படகில் ஒவ்வொரு பெரிய அலைக்குப் பிறகும் ஏசி நிற்கும். படகு ஆடும்போது ஒரு குமிழி உள்ளே போயிருக்கும், அது அந்த மேட்டைவிட்டு இறங்காது.

இப்பம்புகளில் ஒரு நுணுக்கம் உண்டு. மோட்டாரின் தண்டு தண்ணீருக்குள் நுழைவதே இல்லை. தண்டின் நுனியில் ஒரு காந்தம், பிளாஸ்டிக் சுவருக்கு அந்தப்பக்கம் விசிறிச் சக்கரத்தில் இன்னொரு காந்தம். இது சுற்ற அது சுற்றுகிறது. தண்டு நுழையும் துளை இல்லாததால் சீலும் இல்லை, ஒழுக்கும் இல்லை. குப்பை சிக்கினால் காந்தப்பிடி வழுக்கிவிடும், மோட்டார் கருகாது.

கன்டன்சரைத் தாண்டிய பிறகு ஹோஸ் இறங்குமுகம். வெளிவாயை நீர்மட்டத்துக்கு ஓரிரு அங்குலம் மேலே வைப்பார்கள். ஒழுகும் சத்தம் தொல்லை தராத அளவுக்குத் தாழ்வாக, ஆனால் துறையில் நின்று பார்த்தால் தாரை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு உயரமாக.

தாரை மெலிந்தால்? செசபீக்கில் கோடையில் இதற்கு விடை பெரும்பாலும் ஜெல்லிமீன். ஜூலை, ஆகஸ்டில் கொட்டும் ஜெல்லிமீன்கள் விரிகுடாவில் பெருகும். பம்பின் உறிஞ்சலில் மாட்டி வடிகட்டிக்குள் வந்து, வலைமேல் கஞ்சிப் படலமாக அப்பிக்கொள்ளும். நீர் குறைந்தால் கன்டன்சர் சூடேறும், கேஸின் அழுத்தம் எகிறும், அழுத்த சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தும். நடுராத்திரியில் வியர்த்து எழுந்தவர் டார்ச்சோடு போய், வால்வை மூடி, வடிகட்டியைத் திறந்து, வழுவழுப்பைக் கழுவி மாட்டிவிட்டுப் படுக்க வேண்டியதுதான். வடிகட்டிக்குக் கை எட்டாத இடத்தில் அதைப் பொருத்தியவரை அந்த நேரத்தில் என்ன சொல்லித் திட்டுவார் என்பதை எழுத வேண்டாம். இது சின்னப் படகின் தலைவலி மட்டுமல்ல. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையமும் கடல்நீரை இழுத்தே கன்டன்சரைக் குளிர்விக்கிறது. ஜெல்லிமீன் கூட்டம் அதன் நீர்வாயையும் அடைத்துத் தொல்லை கொடுத்திருக்கிறது. நம் மீனவர்கள் சொறி என்று சொல்லி வலையிலிருந்து வீசி எறியும் அதே இனம். வெப்ப இயந்திரம் எவ்வளவு பெரிதானாலும் கடலை நம்பினால் கடலில் உள்ளதையும் சேர்த்துத்தான் நம்ப வேண்டும்.

இனி காற்றுப் பக்கம். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் வாயைக் கூரையை ஒட்டி வைக்கிறார்கள், அறைக்காற்று திரும்பும் வாயைத் தாழ்வாக. குளிர்ச்சியைவிடப் பெரிய சுமை ஈரம். ஒரு லிட்டர் ஆவியைத் தண்ணீராக்க ஏறக்குறைய 0.68 கிலோவாட்-மணி வெப்பத்தை எடுத்தாக வேண்டும். ஒரு டன் பெட்டியின் உழைப்பில் முப்பது சதவீதம் இதற்குப் போனால் மணிக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் சொட்டும். ஒன்றரை டன் வாங்கியவரின் வம்பு இங்கே தெரியவரும். பெரிய பெட்டி ஐந்து நிமிடத்தில் வெப்பநிலையை இறக்கிவிட்டு நின்றுவிடும். சுருள் நன்றாக நனைந்து சொட்டத் தொடங்குவதற்குள் கம்ப்ரசர் ஓய்ந்துவிடும், சுருளில் தங்கிய ஈரத்தை விசிறி மீண்டும் அறைக்குள்ளேயே ஊதிவிடும். அறை 22 டிகிரியில் இருக்கும், மெத்தை பிசுபிசுக்கும், அலமாரிக்குள் பூஞ்சை பூக்கும்.

திரும்பும் காற்றின் வாய் விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. எஞ்சின் அறையோடு அதற்குத் தொடர்பு இருக்கவே கூடாது. எஞ்சினோ ஜெனரேட்டரோ கசியவிடும் கார்பன் மோனாக்சைடை ஏசி இழுத்து, தூங்குகிறவர்களின் முகத்துக்கு நேராக வீசிவிடும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சொட்டுநீர்க் குழாயைக்கூடப் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடக் கூடாது. வந்த வழியே புகை உள்ளே ஏறும். படுக்கும் அறைக்கு ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அமெரிக்கத் துறைகளில் சிறு படகுக்கு வழக்கமாகக் கிடைக்கும் இணைப்பு 120 வோல்ட், 30 ஆம்பியர், அதாவது 3.6 கிலோவாட். ஒரு டன் பெட்டி அதில் நன்றாக ஓடும். கிளம்பும் கணத்தில் மட்டும் பல மடங்கு மின்னோட்டம் கேட்கும் என்பதால் சிறு ஜெனரேட்டர்கள் திணறும், சாஃப்ட் ஸ்டார்ட்டர் வைத்துச் சமாளிப்பார்கள். பேட்டரியில் ஓட்டலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கிலோவாட் ஒன்றை எட்டு மணி நேரம் தொடர்ந்து இழுத்தால் 8 யூனிட். 100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியிலிருந்து கெடுக்காமல் எடுக்கக் கூடியது சுமார் 0.6 யூனிட். பதின்மூன்று, பதினான்கு பேட்டரிகளைப் படகில் ஏற்றிய பிறகு ஆட்கள் எங்கே படுப்பது? இன்னொன்று, கரையின் எர்த் கம்பி பக்கத்துப் படகுகளின் உலோகத்தையும் உங்கள் படகின் உலோகத்தையும் இணைத்துவிடுகிறது. நடுவே உப்புநீர். பெரிய பேட்டரி ஒன்று தயார். உங்கள் வெண்கல வால்வுகளைக் காக்கும் துத்தநாகக் கட்டி பக்கத்துப் படகுக்காரருக்காகவும் கரையத் தொடங்கும். அதைத் தடுக்கத் தனியே ஒரு ஐசொலேட்டர் கருவி உண்டு.

அக்டோபரில் காற்று திரும்புகிறது. கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு பொத்தான், உள்ளே டக்கென்று ஒரு சத்தம், தொடர்ந்து ஓர் உஸ். பித்தளை உருளைக்குள் ஒரு சிறு சறுக்குத் துண்டு நகர்ந்து கேஸின் பாதையை மாற்றிவிட்டது. இப்போது அறைச்சுருளில் கேஸ் திரவமாகிறது, கடல்நீர்க் குழாயில் கொதிக்கிறது. அதாவது கடலைக் குளிர்வித்து அறையைச் சூடாக்குகிறோம். 12 டிகிரி தண்ணீரில் என்ன சூடு இருக்கிறது என்று தோன்றும். 4 டிகிரியில் கொதிக்கக்கூடிய பொருளுக்கு 12 டிகிரி தண்ணீர் நல்ல அடுப்பு. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சாதாரண ஹீட்டர் ஒரு யூனிட் வெப்பம் தரும். இது மூன்று யூனிட் வரை தரும், மீதியைக் கடல் தருகிறது. குளிர்பதன இயந்திரத்தைத் திருப்பி ஓட்டி அறையைச் சூடாக்கலாம் என்று 1852-ல் கெல்வின் பிரபு சொன்னார். சூரிச் நகர மன்றக் கட்டடம் 1938-லேயே லிம்மட் ஆற்றுத் தண்ணீரிலிருந்து வெப்பம் எடுக்கத் தொடங்கியது. படகுகள் செய்வது அதன் சின்னப் பதிப்பு.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. கடல்நீரிலிருந்து வெப்பம் வர வேண்டுமானால் கேஸ் அதைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும். நீர் 4, 5 டிகிரிக்கு இறங்கியதும் குழாய்ச்சுவர் உறைநிலைக்குக் கீழே போய்விடுகிறது. அப்போது குழாய்க்குள் பனி படரும், நீரோட்டம் குறையும், குறைந்த நீர் இன்னும் வேகமாக உறையும். பொருத்தியவரின் குற்றம் அல்ல, இயந்திரத்தின் குற்றமும் அல்ல. அனாபொலிஸ் துறைகளில் கடுங்குளிர்காலத்தில் தண்ணீர் அந்த எல்லைக்குக் கீழே போய்விடும். ஆழமான குளிர்கடலில் நீர் சட்டென்று இவ்வளவு இறங்காது, ஆழத்தில் சேர்த்து வைத்த கோடை மெல்லத்தான் தீரும். ஆறரை மீட்டர் விரிகுடாவில் சேமிப்பு சீக்கிரம் காலியாகிறது. சூடு மிகவும் தேவைப்படும் வாரங்களில்தான் இந்தப் பெட்டி கைவிரிக்கிறது. அங்கேயே குளிர்காலத்தைக் கழிப்பவர்கள் டீசல் ஹீட்டரோ சாதாரண மின் ஹீட்டரோ தனியே வைத்துக்கொள்கிறார்கள். படகைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் குழாயிலுள்ள கடல்நீரை வடித்து, உறையாத புரோப்பிலீன் கிளைக்கால் திரவத்தைச் செலுத்துகிறார்கள். மறந்தால் உறையும் நீர் விரிந்து கன்டன்சர் குழாயைப் பிளந்துவிடும். வசந்தத்தில் முதல் ஓட்டத்திலேயே கேஸும் கடல்நீரும் கலந்துவிட்டால் பெட்டியையே மாற்ற வேண்டியதுதான்.

கடல்நீரை உள்ளே விடாமலே வேலையை முடிக்கவும் வழி இருக்கிறது. படகின் அடியில் வெளிப்புறமாக ஒரு வெப்பமாற்றிக் குழாயைப் பொருத்தி, கிளைக்கால் கலந்த நன்னீரை உள்ளேயே சுற்றவிடுகிறார்கள். ஜெல்லிமீனுக்கு வழி இல்லை, வடிகட்டி இல்லை, உள்ளே ஓடும் திரவம் உறையாது என்பதால் குளிர்காலத்திலும் இன்னும் சில டிகிரி கீழே வரை சூடு கிடைக்கும். இதிலும் செலவு உண்டு. வெளிக்குழாயில் கொட்டலசு ஒட்டினால் வெப்பம் கடக்காது, ஆள் நீருக்குள் இறங்கிச் சுரண்ட வேண்டும். அசைவற்ற ஆகஸ்ட் தண்ணீரில், கட்டிக் கிடக்கும் படகின் அடியில், குழாயைச் சுற்றியுள்ள நீர் தானே சூடேறி நின்றுவிடும். அதனால் வெளிக்குழாயின் நீளத்தை ஓடும் படகுக்குக் கணக்குப் போடாமல், காற்றில்லாத இரவில் துறையில் கட்டிக் கிடக்கும் படகுக்குக் கணக்குப் போடுகிறார்கள்.